குடியிருப்பாளர்களை வட்டாரக் கடைகளில் வாங்கவைப்பது எப்படி?

பினாங்கில் ஒரு தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்றும், பதாகை கட்டியும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வேண்டுகோள் விடுத்தும் உங்கள் கடைவீட்டு வரிசையிலுள்ள மளிகைக் கடைக்கும் தையல் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் ஆட்கள் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் இதே பினாங்கில் மளிகைக் கடை நடத்துகிறது என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. கடைக்காரன் தன் கல்லாவுக்காகத்தான் பேசுவான் என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால், கல்லாவுக்குப் பின்னால் நின்றால்தான் தெரியும் சில விவரங்களும் உண்டு.

என் பதில் இதுதான்: குடியிருப்பாளர்களிடம் வேண்டுகோள் வைப்பதற்கு முன், உங்கள் சங்கம் தன் பணத்தை எந்தக் கடையில் செலவிடுகிறது என்று பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்திலும் இப்படியொரு இயக்கம் தொடங்கியது. அதன் முதல் நடவடிக்கையாக, சங்கத்தின் செயலவையினர் நன்கொடை ரசீதுப் புத்தகத்துடன் எங்கள் கடைக்கு வந்து, அதிர்ஷ்டக் குலுக்கலுக்குப் பரிசுக்கூடை கேட்டார்கள். அரிசி, எண்ணெய், பருப்பு என்று கொடுத்தனுப்பினோம். பக்கத்துத் தையல்காரர் ரொக்கம் கொடுத்தார். ஆனால், அந்த ஒன்றுகூடலுக்கான பானங்களும் தின்பண்டங்களும் அரிசி மூட்டைகளும் பேரங்காடியிலிருந்து லாரியில் வந்து இறங்கின. எங்களை ஆதரிப்பதற்காக நடந்த நிகழ்ச்சியில் எங்கள் கையிலிருந்து பொருள் போனதே தவிர, ஒரு வெள்ளிகூட வரவில்லை. கோயில், பள்ளி, இளைஞர் மன்றம் என்று எவர் வந்தாலும் முதலில் கை நீட்டுவது வட்டாரத்துக் கடையிடம்தான், கொள்முதல் என்று வரும்போது மட்டும் அந்தக் கடை நினைவுக்கு வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். நன்கொடை கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை; இந்த ஆண்டும் கொடுத்திருக்கிறோம்.

கடைக் கணக்கைப் பார்க்கும் என் அக்கா இதை அப்படியே விட்டுவிடவில்லை. சங்கப் பொருளாளரிடம் நேரே போய்க் காரணம் கேட்டார். "அக்கா, துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கணக்கைக் கணக்காய்வாளர் ஏற்றுக்கொள்ளமாட்டார்" என்றார் அவர். அது நியாயமான பதில். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவுபெற்ற அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் தன் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். ஆதாரமில்லாத செலவுக்குப் பதில் சொல்லவேண்டியவர் பொருளாளர். ஆகவே கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்றை அக்கா அச்சகத்தில் அடித்து வாங்கினார். அதன்பின் அந்தக் காரணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கத்தினர் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்கு எங்களிடம் விலைப்பட்டியல் கேட்டார்கள். சீனிக்கு அரசாங்கம் உச்சவிலை வைத்திருப்பதால் அதில் யாரும் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. காகிதக் குவளையில் மொத்த வியாபாரியின் விலைக்கு எங்களால் இறங்க முடியவில்லை. அதை அவரிடமே வாங்கிக்கொள்ளும்படி நாங்களே சொன்னோம். ஆனால், இரவில் சரக்குத் தீர்ந்தாலும் ஆள் வைத்து அனுப்புவோம், பிரிக்காத பைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்தோம். தேர் எத்தனை மணிக்குப் பந்தலைக் கடக்கும், கூட்டம் எவ்வளவு வரும் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத திருவிழாவில், குவளைக்குச் சில சென் குறைவதைவிட இந்த ஏற்பாடு அவர்களுக்கு அதிகம் பயன்பட்டது. சரக்கெடுக்க வந்துபோன செயலவையினர் கடையில் என்னென்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார்கள். பிறகு சிலர் வீட்டுக்கும் வாங்கத் தொடங்கினார்கள். எந்தப் பதாகையாலும் எங்களுக்கு அப்படியொரு வாடிக்கை கிடைத்ததில்லை.

ஆனால், அந்தப் பந்தலுக்கான பணம் வந்து சேர மாதங்களாயின. எங்கள் கடையில் இன்றும் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் உண்டு; சம்பளம் வந்ததும் அந்தக் கடனை அடைத்துவிட்டுத்தான் மறுபடி சாமான் எடுக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். தாமதிப்பவை பெரும்பாலும் அமைப்புகள்தான். செயலவை கூடவேண்டும், காசோலையில் இருவர் கையெழுத்திடவேண்டும், அவர்களில் ஒருவர் வெளியூர் போயிருப்பார். கடைக்கோ மொத்த வியாபாரி கொடுக்கும் தவணை அதற்குள் முடிந்திருக்கும்.

குடியிருப்பாளர் அருகில் இருப்பதே எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை நாங்கள் ஜார்ஜ்டவுனில் பார்த்தோம். அப்பா காலத்துக் கடை லெபோ பாசாருக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முற்றிலும் நீங்கியது. வாடகை ஏறியதும் மாடிகளில் குடியிருந்தவர்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் பாருவுக்கும் அக்கரைக்கும் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்து சுற்றுப்பயணிகள் பெருகினார்கள் என்பது உண்மைதான்; அதனால் பிழைத்த கடைகளும் உண்டு. ஆனால், வாரந்தோறும் உளுந்து வாங்க வருபவர் சுற்றுப்பயணி அல்லர். நாங்களும் குடியிருப்பாளர்களின் பின்னாலேயே இடம் மாறினோம். உங்கள் தாமானில் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வேலை அந்த அளவுக்கு எளிது.

மக்கள் மனம் வைத்தால் வருவார்கள் என்று வாதிடுவோர் 2020ஐ நினைவூட்டக்கூடும். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்றிருந்தபோது எங்கள் கடைவாசலில் வரிசை நின்றது உண்மை. கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த வரிசையும் கலைந்தது. அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவிடும் குடும்பம் மலிவான இடத்தைத் தேடித்தான் போகும்.

சிறு கடைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய இன்னோர் உதவி, அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசாங்கம் தரும் ‘சாரா’ (SARA) உதவித்தொகை தொடர்பானது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும் நூறு வெள்ளி மைகார்டு அடையாள அட்டையில் வந்தது; ஆனால் பதிவுசெய்த கடைகளில் மட்டுமே அதைச் செலவிட முடிந்தது. அந்த முறையில் சேராத கடையைத் தாண்டி அந்தப் பணம் பேரங்காடிக்குப் போயிற்று. உங்கள் வரிசையிலுள்ள மளிகைக் கடைக்காரர் வயதானவராக இருந்தால், கணினி தெரிந்த உங்கள் இளைஞர் ஒருவர் உடனிருந்து விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம்.

முடிதிருத்தகத்தின் நிலை வேறு. அங்கே குறைவது வாடிக்கையாளரா, நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் ஆளா என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க 2009இல் வந்த தடையால் அந்தத் தொழில் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே. ஆளில்லாத கடைக்குக் கூட்டத்தை அனுப்பினால், காத்திருந்து சலித்தவர் மறுமுறை வரமாட்டார்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்குக் கடந்த ஆண்டின் செலவுக் கணக்கைக் கொண்டுபோய், வட்டாரக் கடைகளில் வாங்கியிருக்கக்கூடியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி அன்பளிப்புப் பைகள், சீருடைச் சட்டை, கூட்டத்துக்கான தேநீர் என்று சிறியதாகத் தொடங்கினால் போதும். விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள்; விலை ஒத்துவராவிட்டால் வேறிடத்தில் வாங்குங்கள், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. வாங்குவதாக முடிவானால், பணம் கொடுக்கும் தேதியையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.