பியாட்ரிஸும் பெனடிக்கும்: சண்டையில் பிறந்த காதல் பற்றிச் சில கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகம் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: இருவரும் கடைசிவரை சண்டைதானே போடுகிறார்கள், காதல் எங்கே இருக்கிறது?

பதில்: முதல் காட்சியைத் திரும்பப் படியுங்கள். போர் முடிந்து வீரர்கள் மெஸினா நகருக்கு வரப்போகிறார்கள், தூதன் வந்து நிற்கிறான், பியாட்ரிஸ் வாய் திறந்து கேட்கும் முதல் கேள்வியே பெனடிக் திரும்பிவிட்டானா என்பதுதான். அதையும் ஒரு பட்டப்பெயர் வைத்து நக்கலாகத்தான் கேட்கிறாள். விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை, அக்கறை வெளியே தெரிந்துவிடவும் கூடாது.

கேள்வி: ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கும் காட்சிக்கு இன்றும் ஏன் சிரிக்கிறோம்?

பதில்: பெனடிக் மறைந்திருப்பது தெரிந்தேதான் நண்பர்கள், பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று உரக்கப் பேசுகிறார்கள். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வருவது. கல்யாணமே வேண்டாம் என்றவன், உலகத்தில் ஜனங்கள் பெருக வேண்டாமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான். அப்போது பியாட்ரிஸ் வந்து, இஷ்டமில்லாமல்தான் வந்தேன், சாப்பிடக் கூப்பிடச் சொன்னார்கள் என்று கடுகடுப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இதில் வேறு அர்த்தம் இருக்கிறது என்று பூரிக்கிறான் பாருங்கள், காதல் வந்தவன் அப்படித்தான் கேட்பான்! அப்புறம், பியாட்ரிஸ் ஒட்டுக்கேட்கும் காட்சியையும் இதே மாதிரி விழுந்து புரண்டு நடிக்க வைக்காதீர்கள். அவள் கேட்பது தன்னைத் திமிர் பிடித்தவள் என்று பிறர் பேசுவதை. அது அவளுக்கு வலிக்கிறது, தனியானதும் அவள் பேசுவது பத்தே வரிக் கவிதை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் போட்டபோது, "கிளாடியோவைக் கொல்" என்ற வசனத்துக்கு அரங்கமே சிரித்துவிட்டது. எங்கள் தப்பா?

பதில்: இல்லை. இப்போதுதான் பெனடிக் காதலைச் சொன்னான், உனக்காக எதுவும் செய்வேன் என்றான், உடனே பியாட்ரிஸ் இப்படி ஒரு வேலை கொடுத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிப்பு அடங்கும்வரை பியாட்ரிஸ் அசையாமல் அவனையே பார்க்கட்டும். அவளுடைய சித்தப்பா மகளை, ஹீரோ என்பது அவள் பெயர், கல்யாண மேடையிலேயே நடத்தை கெட்டவள் என்று அவமானப்படுத்தியவன் கிளாடியோ. கொஞ்ச நேரம் மறுத்த பெனடிக், கடைசியில் நண்பனையே சண்டைக்கு அழைக்கச் சம்மதிக்கிறானே, அதுதான் உண்மையான காதல் காட்சி.

கேள்வி: அந்தக் கிளாடியோவை மன்னிப்பது நியாயமா?

பதில்: எனக்கும் மனசு ஒப்பவில்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடத்தில் நடித்தது ஆண்களா?

பதில்: ஆமாம், 1660 வரை லண்டன் தொழில்முறை மேடைகளில் பெரும்பாலும் சிறுவர்கள்தான்.

கேள்வி: முடிவில், ஒட்டுக்கேட்டதெல்லாம் நண்பர்கள் வேண்டுமென்றே போட்ட நாடகம் என்று தெரிந்தபிறகும் ஏன் சேருகிறார்கள்?

பதில்: எல்லார் முன்னாலும் மறுக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இருவரும் ரகசியமாக எழுதிய காதல் கவிதைகளை நண்பர்கள் எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அதுவும் அவரவர் கையெழுத்திலேயே.