ஒரே நாளில் இரண்டு பூங்காக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரும் ஜூலையில் நானும் என் கணவரும் அமெரிக்காவின் சார்லட் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கிருந்து எல்லோரும் காரில் ஃப்ளோரிடாவுக்குப் போய், ஆர்லாண்டோ அருகிலுள்ள டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வளாகத்தைப் பார்ப்பதாகத் திட்டம். கையில் இருப்பது மூன்று நாள், பூங்காக்களோ நான்கு. "தினமும் இரண்டு பூங்கா பார்த்துவிடலாம், அதற்கென்றே பார்க் ஹாப்பர் என்ற டிக்கெட் இருக்கிறது" என்கிறார் மாப்பிள்ளை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்பியவர்கள்தாம் நாங்கள். ஆனால் கணவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பேத்திக்கு 7 வயது, பேரனுக்கு இரண்டரை. மாப்பிள்ளை சொல்வது நடக்குமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நடக்கும், ஆனால் மூன்று நாளும் வேண்டாம்; ஒரு நாள் மட்டும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். நவக்கிரக யாத்திரையில் ஊர் விட்டு ஊர் போகும் நேரம்தான் பெரிது. கூட்டமில்லாத நாளாக இருந்தால் தரிசனம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டிஸ்னி வேர்ல்டில் வழியும் நீளம், உள்ளே வரிசையும் நீளம். ஜூலை பள்ளி விடுமுறைக் காலம் என்பதால், பேர்பெற்ற ஒரு சவாரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்வது அங்கே சாதாரணம்.

அந்த வளாகம் ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்புள்ளது. மேஜிக் கிங்டம் 1971-இலும், எப்காட் 1982-இலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படும் பூங்கா 1989-இலும், அனிமல் கிங்டம் 1998-இலும் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் இருக்கிறது. ஒரு பூங்காவின் வாசலை விட்டு வெளியே வந்து, வண்டி பிடித்து, அடுத்த பூங்காவின் பை சோதனையையும் கடந்து உள்ளே கால் வைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையும் தள்ளுவண்டியும் கூட இருந்தால் ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு பெரிய சவாரிகளின் நேரத்தை வழிக்கே கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் இரண்டாவது பூங்காவுக்குக் கிளம்ப வேண்டும்.

ஆகவே, இரண்டாவது பூங்காவில் எந்த ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். அந்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை என்றால் அன்று ஒரே பூங்காவில் இருந்துவிடுவதே நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துக்கொண்டு எப்காட்டிலிருந்து ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்குப் படகில் சென்றேன். இருக்கையில் அமர்ந்ததும் அவர் முதல் வேலையாகக் காலணிகளைக் கழற்றினார். காலுறையின் விளிம்பு கணுக்காலைச் சுற்றி ஆழமாகப் பதிந்திருந்தது, பாதம் வீங்கியிருந்தது. "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை நாங்கள் ஒரு சவாரிகூடச் செய்யவில்லை. அன்று எப்காட்டிலேயே இருந்திருந்தால் அவர் ஆசைப்பட்ட ஜப்பான் அரங்கையாவது நிதானமாகப் பார்த்திருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

உங்கள் மூன்று நாட்களுக்கு வருகிறேன். மேஜிக் கிங்டத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்; அன்று வேறெங்கும் போக வேண்டாம். காரை நிறுத்தும் இடத்துக்கும் அந்தப் பூங்காவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோதான் கடந்து போக வேண்டும். அதைப் பகலில் இரண்டு முறை கடப்பது உங்கள் கணவரின் முழங்காலுக்கு ஆகாது. இரவு வாணவேடிக்கைவரை அங்கேயே இருந்து, பேரன் தூங்கினால் தள்ளுவண்டியிலேயே தூங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு இன்னொரு நாள். மீதமுள்ள அனிமல் கிங்டத்தையும் எப்காட்டையும்தான் மூன்றாவது நாளில் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

இந்த இரண்டையும் இணைப்பதற்குக் காரணம் உண்டு. அனிமல் கிங்டம் காலையில் சீக்கிரம் திறந்து, மற்ற பூங்காக்களுக்கு முன்பே மூடிவிடும். திறந்த வண்டியில் ஏறத்தாழ 20 நிமிடம் போகும் கிளிமஞ்சாரோ சஃபாரியில் வெயில் ஏறுவதற்கு முன் விலங்குகள் நடமாடுவதைப் பார்க்கலாம். பிற்பகலில் பல விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். உயரக் கட்டுப்பாடு இல்லாததால் பேரனும் ஏறலாம். அங்கே ஆசியப் பகுதிக்கு 'ஆனந்தபூர்' என்று கற்பனையாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். சிதைந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலிகள் படுத்திருப்பதைக் காண நடந்தே போகலாம். அதற்கு எந்த வரிசையும் இல்லை. எப்காட்டோ மாலையில்தான் அழகு. ஏரியைச் சுற்றி மெக்சிகோவில் தொடங்கி கனடாவரை 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்தப் பகுதி பொதுவாகக் காலை 11 மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதால், மாலையில் போகிறவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை. பேத்திக்கு 'ஃப்ரோஸன்' படத்தில் வரும் எல்சாவைப் பிடிக்கும் என்றால் நார்வே அரங்கின் படகுச் சவாரியை உங்கள் 'அந்த ஒன்றாக' வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மதியம் 1 மணியிலிருந்து 4 மணிவரை அறைக்குத் திரும்பிக் கண்டிப்பாகப் படுத்து எழ வேண்டும். கோடைக்காலத்தில் ஃப்ளோரிடாவில் பல நாட்கள் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் தெரிந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் என்ற ஊர்தியும், பழனியில் உள்ள ரோப் கார் போலக் கம்பியில் தொங்கிச் செல்வதால், அந்நேரம் நின்றுவிடும். அந்த மழை நேரத்தில் நீங்கள் கட்டிலில் இருப்பதே சரி. கார் நிறுத்தும் கட்டணத்தை ஒரு நாளுக்கு ஒரு முறை செலுத்தினால் போதும். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் மாலையில் எப்காட்டில் மறுபடியும் கட்ட வேண்டியதில்லை.

டிக்கெட் பற்றிச் சில செய்திகள். பேரனுக்கு 3 வயது நிறையாததால் டிக்கெட் வேண்டாம். பேத்திக்குக் குழந்தைகள் கட்டணம். 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். முதியோருக்கென்று தனிச் சலுகை கிடையாது. பார்க் ஹாப்பர் வசதியை டிக்கெட்டில் உள்ள எல்லா நாட்களுக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும். ஒரு நாளுக்கு மட்டும் தனியாகக் கிடைக்காது. ஆனால் குடும்பத்தில் எல்லோரும் ஒரே வகை டிக்கெட் எடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. சாதாரண டிக்கெட்டுடன் தொடங்கி, மூன்றாவது நாள் மதியம் யாருக்குத் தெம்பு இருக்கிறதோ அவருக்கு மட்டும் விருந்தினர் உதவி மையத்தில் வித்தியாசத் தொகையைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். நுழைவாயிலில் விரல் பதிவு கேட்பார்கள் என்பதால் ஒருவர் டிக்கெட்டில் மற்றவர் போக முடியாது. பிற்பகல் 2 மணிக்குப் பிறகுதான் பூங்கா மாறலாம் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அந்தக் கட்டுப்பாடு 2024 ஜனவரி 9 முதல் நீங்கிவிட்டது.

உங்கள் கணவருக்குக் காலையிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். 'நான் நடப்பேன்' என்று அவர் சொல்வார், வற்புறுத்துங்கள். எப்காட் ஏரியை ஒரு முறை சுற்றினாலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ரசீதைக் காட்டினால் அதே நாளில் அடுத்த பூங்காவிலும் மறுபடி வாடகை இல்லாமல் நாற்காலி தருவார்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்டிலும் இதே அலைச்சல்தானா? எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. அனஹைம் நகரில் 1955-இல் திறந்த டிஸ்னிலாண்டும், 2001-இல் திறந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் எதிரெதிர் வீடுகளைப் போல வாசலுக்கு வாசல் பார்த்து நிற்கின்றன. நடுவில் ஒரு திறந்த முற்றம் மட்டுமே. சில நிமிட நடையில் மாறிவிடலாம். ஒரே நாளில் இரண்டு பூங்கா என்பது உண்மையாகவே பொருந்தும் இடம் இதுதான். இருந்தாலும் சிறு குழந்தைகளுடன் போகிறீர்கள் என்றால், பழைய பூங்காவில் மட்டும் ஒரு நாளைச் செலவிடுங்கள். சிறுவர்களுக்கான சவாரிகள் அங்கேதான் மிகுதி. வளர்ந்த பிள்ளைகள் என்றால் இரண்டுக்கும் டிக்கெட் எடுக்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களில், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற இரண்டு பூங்காவுக்கும் டிக்கெட் வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?
(கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: உண்மைதான். அந்த ரயில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃப்ளோரிடாவில் புறப்பட்டு ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் கொண்டுபோய் விடுவதால், ஒரு பூங்கா டிக்கெட் வைத்திருப்பவரை ஏற்ற மாட்டார்கள். 2014 முதல் ஓடுகிறது. போகும்போது சன்னலில் ஒரு காட்சி, திரும்பும்போது வேறு காட்சி என்பதால் இரு திசையிலும் ஏறிப் பாருங்கள். இங்கே பூங்கா மாறும் வழியே ஒரு சவாரி. அதனால் கூடுதல் பணம் வீண் அல்ல. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற யுனிவர்சலின் இன்னொரு பூங்கா சில கிலோமீட்டர் தள்ளித் தனியே இருக்கிறது. அதை இதே நாளில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: டிஸ்னி வேர்ல்டில் இரண்டு பூங்கா பார்க்கும் நாளில் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வீட்டு உணவை அனுமதிப்பார்களா?
(வாசகி, மதுரை)

பதில்: தாராளமாக அனுமதிப்பார்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. அங்கே சூடுபடுத்த வேண்டிய உணவாகவும் இருக்கக் கூடாது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் காலையில் கட்டினால் மதியம்வரை தாங்கும். தயிர் சாதத்தை அந்த வெயிலில் வெளியே வைக்க வேண்டாம். அறையில் குளிர்பெட்டி இருந்தால், மதியம் ஓய்வுக்குத் திரும்பும்போது சாப்பிடலாம். குடிநீர்ப் புட்டிக்குப் பணம் செலவிடாதீர்கள். விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகவே தருவார்கள்.