ஆற்றில் ஓடும் நீருக்கு என்ன வயது?

கேள்வி: பலத்த மழை பெய்த சில மணி நேரத்திலேயே ஆற்றில் வெள்ளம் வந்துவிடுகிறது. ஆனால், ஆற்று நீருக்குப் பல ஆண்டு வயது இருக்கும் என்றும் படிக்கிறேன். எது சரி? நீரின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: இரண்டும் சரிதான். மண்ணுக்குள் இறங்கும் புதிய மழைநீர், ஏற்கெனவே அங்கு தேங்கியிருக்கும் நீரின் மீது அழுத்தத்தை ஏற்படுத்தி அதை ஆற்றுக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் பரவும் வேகம் நீர்த்துளி நகரும் வேகத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், காடு அடர்ந்த ஈரமான நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வெள்ளத்தின் பெரும்பகுதி பழைய நீராகவே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வயது என்பது இங்கே, மழையாக விழுந்த நீர் ஆற்றை அடைவதற்கு எடுத்துக்கொண்ட காலம்.

அதைக் கண்டறிய, நீரோடு சேர்ந்து பயணிக்கும் சில பொருள்களைத் தடங்காட்டிகளாகப் பயன்படுத்துகிறார்கள். மழைநீரில் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பின் (வழக்கமான ஆக்சிஜனைவிடச் சற்றுக் கனமான ஆக்சிஜன் அணுவின்) அளவு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். நிலத்துக்குள் பல மாதங்களின் நீர் ஒன்றாகக் கலந்துவிடுவதால் ஆற்றில் அந்த ஏற்ற இறக்கம் மங்கித் தெரியும். மழையில் இருந்த ஏற்ற இறக்கத்தில் கால்பங்குதான் ஆற்றில் மிஞ்சியது என்றால், ஆற்று நீரில் ஏறத்தாழ கால்பங்கு, இரண்டு மூன்று மாதங்களுக்குள் பெய்த மழை என்று கொள்ளலாம். ஆனால் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட நீரில் இந்த ஏற்ற இறக்கம் அநேகமாக அழிந்துவிடும். அதற்கு அப்பால் இம்முறைக்குக் கண் தெரியாது.

பழைய நீருக்கு டிரிட்டியம் உதவுகிறது. நீர் மூலக்கூறிலேயே இடம்பெறும் இந்தக் கதிரியக்க ஹைட்ரஜனின் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.32 ஆண்டுகள். அணுகுண்டுச் சோதனைகளால் வடகோளத்து மழையில் இதன் அளவு 1963-இல் உச்சத்தைத் தொட்டது. விஞ்ஞானிகளுக்கு அது எதிர்பாராமல் கிடைத்த ஒரு காலக்குறி.

இதில் ஒரு பொறி உண்டு. மழையில் 8 அலகும் ஆற்றில் 4 அலகும் டிரிட்டியம் இருந்தால், சுமார் 12 ஆண்டு வயது என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால், பாதி நேற்றைய மழையாகவும் மறுபாதி டிரிட்டியமே எஞ்சாத பல நூற்றாண்டுப் பழமையான நீராகவும் இருந்தாலும் அதே 4 அலகுதான் வரும். ஆகவே 'சராசரி வயது' என்று ஒற்றை எண்ணைத் தரும் அறிக்கையை, எந்தத் தடங்காட்டியைக் கொண்டு, நீர் எப்படிக் கலந்திருப்பதாக அனுமானித்துக் கணக்கிட்டார்கள் என்று பார்க்காமல் ஏற்பது சரியல்ல என்பது என் கருத்து.

அதனால்தான் அண்மைக்காலத்தில் பலரும் இளம் நீரின் பங்கைச் சொல்லவே விரும்புகிறார்கள். 2016-இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, ஆறுகளில் ஓடும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்கும் குறைந்த வயதுடையது என மதிப்பிட்டது. நீர் உடனே வழிந்தோடிவிடும் என்று நாம் நினைக்கும் செங்குத்தான மலைப்பகுதிகளில்தான் இந்தப் பங்கு குறைவாக இருந்தது. அங்கே மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடுவது அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.