புளியங்கொட்டை வதந்தியும் 25 லட்ச ரூபாய் நோட்டீசும்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுமார் 200 பேர் இருக்கிறார்கள். அருகில் உள்ள ஒரு பெரிய காபி நிறுவனத்தின் கிளையைப் பற்றி, "காபித்தூளில் புளியங்கொட்டைத் தூள் கலக்கிறார்கள், அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள்" என்று எனக்கு வந்த தகவலை அந்தக் குழுவில் பகிர்ந்தேன். அதன் கீழே, "350 ரூபாய் கொடுத்தேன், வாயில் வைக்க முடியவில்லை. இனி யாரும் அங்கே போகாதீர்கள்" என்று நானும் எழுதினேன். யாரும் சீல் வைக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஏழு நாளில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும், 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. குழுவின் அட்மின் என் மனைவி. எங்களைக் கைது செய்வார்களா? – வாசகர், கோவை

பதில்: இந்த நோட்டீசுக்காகப் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. அவதூறு ஜாமீனில் விடத்தக்க குற்றம். போலீஸ் தானாக வழக்குப் பதிந்து கைது செய்ய முடியாது. நிறுவனம்தான் குற்றவியல் நடுவரிடம் நேரடியாகப் புகார் மனு கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, உங்கள் தரப்பைக் கேட்காமல் நடுவர் அந்தப் புகாரை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. 25 லட்சம் என்ற தொகையைப் பார்த்தும் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். நோட்டீசில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். வழக்காகத் தொடுத்தால் கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், ஏற்பட்ட இழப்பையும் காட்ட வேண்டும்.

அதற்காக நோட்டீசைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பியதில் ஒரு பகுதி உங்களைக் காப்பாற்றும், ஒரு பகுதி சிக்கவைக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

வாயில் வைக்க முடியவில்லை என்றது உங்கள் நாக்கின் தீர்ப்பு. காசு கொடுத்துக் குடித்தவருக்கு அதைச் சொல்லும் உரிமை முழுமையாக உண்டு. யாரும் போகாதீர்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டுக்கொண்டதும் கருத்துரிமைக்குள் வருவதுதான். எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் இந்த வரிகளுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. கேட்கவும் கூடாது என்பேன்.

புளியங்கொட்டை அப்படியல்ல. சிக்கரி கலக்கிறார்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. காபி குறைந்தது 51 சதவீதம் இருந்து, கலவை விகிதத்தை உறையில் அச்சிட்டால் சிக்கரி சேர்ப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. புளியங்கொட்டை கலப்பது கலப்படக் குற்றம். சீல் வைத்ததாகச் சொன்னதோ நடக்காத சம்பவம். இவை உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய செய்திகள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி ஒரு நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுப்பதும் அவதூறுதான். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை விதிக்க இடமிருக்கிறது. பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னேன் என்று வாதாடலாம்தான். ஆனால் அனுப்பும் முன் உரிய கவனத்தோடு விசாரித்தீர்களா என்று நீதிமன்றம் கேட்கும். சீல் வைத்திருக்கிறார்களா என்று அருகில் இருக்கும் கடையை எட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்குமே!

"எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்" என்ற பதிலும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை முகநூலில் பகிர்ந்த வழக்கில், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாக நடிகர் எஸ்.வி. சேகர் தரப்பில் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

பெரிய நிறுவனங்கள் ஏன் ஒரு குடியிருப்புக் குழு வரை துரத்துகின்றன என்று நீங்கள் நினைக்கலாம். காபிக் கடைகளைப் பற்றிய வதந்திக்கு ஆயுள் அதிகம். ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், காபி விற்ற பணம் இஸ்ரேலுக்குப் போகிறது என்று எழுதியதாக 2006இல் ஒரு கடிதம் பரவியது. வேறொருவர் கேலிக்காக எழுதியது அது. இஸ்ரேல் அரசுக்கோ ராணுவத்துக்கோ பணம் கொடுப்பதில்லை என்று நிறுவனம் பலமுறை மறுத்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. இஸ்ரேலில் இருந்த தன் கடைகளை அது 2003இலேயே மூடிவிட்டது என்பதும் பலர் காதில் ஏறவில்லை. காஸா போருக்குப் பின் புறக்கணிப்பு வலுத்தபோது, மேற்காசியாவில் அதன் கடைகளை நடத்தும் அல்ஷாயா குழுமம் 2024 மார்ச்சில் சுமார் 2000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அந்தக் கடைகளைப் புறக்கணிப்பது மக்களின் உரிமை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் புறக்கணிக்கச் சொல்பவர் காட்டும் காரணம் மெய்யாக இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கவலை வேண்டாம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

நோட்டீசுடன் வந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பொய் என்று தெரிந்தே, தீய நோக்கத்தோடு பரப்பினேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைப் பெரும்பாலும் நடுவில் செருகியிருப்பார்கள். நாளை அதுவே உங்களுக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். உங்கள் வழக்கறிஞர் வழியாக நீங்களே பதில் அனுப்புங்கள். கலப்படம், சீல் பற்றிய தகவல் தவறு என்று தெரிந்ததும் வருந்துவதாகவும், சுவை பற்றி எழுதியது உங்கள் சொந்தக் கருத்து, அதில் மாற்றமில்லை என்றும், இழப்பீட்டுக் கோரிக்கையை மறுப்பதாகவும் அதில் இருக்கட்டும்.

அதற்கு முன்பாக இன்றே அந்தக் குழுவில் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள். பகிர்ந்த தகவலை நீக்கலாம், ஆனால் முழு உரையாடலையும் தேதி நேரத்தோடு சேமித்துவிட்டு நீக்குங்கள். உங்களுக்கு யார் அனுப்பியது என்பதற்கும் அதுவே சான்று. கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள்.

அந்தக் காபியில் ஏதோ கலந்திருக்கிறது என்ற சந்தேகம் இன்னும் உங்களுக்கு இருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வாங்கிய உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் நுகர்வோருக்கே தரப்பட்டிருக்கிறது. ஆய்வறிக்கை கலப்படம் என்று சொன்னால், அப்போது நோட்டீஸ் அனுப்பும் முறை உங்களுடையது.