“நீங்க பார்த்து செய்யுங்க டாக்டர்” என்றால் சம்மதமா? பிசியோதெரபி கேள்வி பதில்

பிசியோதெரபியில் நோயாளியின் சம்மதம் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. மாணவர்கள், வீடு தேடிப் போய் சிகிச்சை தருபவர்கள், கிளினிக் நடத்துபவர்கள், நோயாளிகள், அவர்களின் வீட்டார் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். சட்டம் என்று வருமிடமெல்லாம் இந்தியச் சட்டம்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர்): மேடம், ஓ.பி.யில எதைச் சொன்னாலும் “நீங்க பார்த்து செய்யுங்க டாக்டர்”னு முடிச்சிடறாங்க. அட்மிஷன்லயே கையெழுத்தும் வாங்கியாச்சு. இதுக்கு மேல என்ன கேட்கறது?

பதில்: அட்மிஷன் கையெழுத்து மருத்துவமனையில் சேர்வதற்குத்தான். உங்கள் கை அவர் தோளைத் திருப்புவதற்கு அதில் அனுமதி இல்லை. சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, வேண்டாமென்றால் என்ன ஆகும் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இறுகிப்போன தோளுக்கு அது இவ்வளவுதான்: “தோளைப் பிடிச்சு மெதுவா அசைக்கப் போறேன். உள்ளே இறுகியிருக்கிற சவ்வு தளரணும், அதுக்குத்தான். செய்யும்போது வலிக்கும், ராத்திரி வரைக்கும்கூட இருக்கலாம். இது வேண்டாம்னா வீட்டிலேயே கப்பி-கயிறு பயிற்சி செய்யலாம், நாள் கொஞ்சம் கூட ஆகலாம். எதுவுமே செய்யாம விட்டா கை தூக்கறதுக்கு ரொம்ப மாசம் ஆகும்.” அரை நிமிடம்கூட ஆகாது.

பிறகு “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், நம் ஊரில் அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போனதும் பொண்ணு கேட்டா என்ன செஞ்சாங்கன்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் வாயால் வருவதில்தான் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியும். இத்தனைக்கும் பிறகு “நீங்க பார்த்து செய்யுங்க” என்றால், அது நம்பி ஒப்படைப்பது, செல்லும். எதுவும் சொல்லாமல் விட்ட இடத்தில் வந்த அதே வாக்கியம் செல்லாது.

கேள்வி (எலும்பு மூட்டுப் பிரிவில் பணிபுரிபவர்): முழங்கால் மூட்டு மாற்று செய்தவர்களுக்கு மடக்கும்போது “விடுங்க, விடுங்க”ன்னு கத்துவாங்க. விட்டா 90 டிகிரி வராது, சர்ஜன் எங்களைக் கேட்பார். ஆரம்பத்துல சரின்னு சொன்னவர்தானே?

பதில்: ஆரம்பத்தில் சொன்ன “சரி”யை அவர் எந்த நொடியிலும் திரும்பப் பெறலாம். “விடுங்க” என்று சொன்ன பிறகும் அழுத்துவது சம்மதமில்லாத தொடுதல். நன்மைக்காகச் செய்தேன் என்பதால் அது மாறிவிடாது.

ஆனால் நடைமுறைச் சிக்கல் உண்மையானது. “ஐயோ”, “அம்மா” என்பதெல்லாம் வலியில் தானாக வருபவை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினால் சிகிச்சையே நடக்காது. அதனால் கை வைக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: “ஐயோன்னு கத்தலாம், நான் தொடர்வேன். ‘போதும்’னு சொன்னாலோ கட்டிலை ரெண்டு தட்டு தட்டினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திடுவேன்.” முதல் தடவை அவர் “போதும்” சொன்னதும் நிஜமாகவே நிறுத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை காலை இறுக்கிப் பிடிக்க மாட்டார்.

இதில் இயக்கவியல் காரணமும் உண்டு. பயந்தவர் தொடைத் தசையை முறுக்கி எதிர்ப்பார். நீங்கள் மடக்குவது மூட்டை அல்ல, அந்த முறுக்கை. வீக்கம் கூடும், தையல் பிரியலாம், எலும்பு தேய்ந்தவருக்கு முறிவுகூட ஏற்படலாம். வேறு வழி இருக்கிறது: மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைச் சிகிச்சைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு போடச் செய்யுங்கள். கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, நல்ல காலால் ஆபரேஷன் காலை அவரே பின்னுக்குத் தள்ளட்டும். எவ்வளவு தள்ளுவது என்பது அவர் கையில் இருக்கும். கோனியோமீட்டரில் (மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவி) அளந்து அன்றைய எண்ணை அவரிடமே சொல்லுங்கள். நேற்று 72, இன்று 78 என்று கேட்டவர் நாளை தானாகவே காலை நீட்டுவார்.

சர்ஜன் கேட்டால் என்ன சொல்வது? “நோயாளி 80-ல் நிறுத்தச் சொன்னார், வலி பத்துக்கு எட்டு, மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா?” இது குறை சொல்வதற்கு இடமில்லாத பதில்.

கேள்வி (நோயாளியின் மகன்): அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூணு வாரமாச்சு. பேச்சு வரல. பயிற்சிக்குப் போனா தெரபிஸ்ட் கையைத் தட்டி விடறாங்க. பணம் கட்டறது நான், நான் சரின்னு சொன்னாப் போதாதா?

பதில்: பணம் கட்டுபவர் வேறு, சம்மதம் தருபவர் வேறு. மேலே சொன்ன வழக்கிலேயே, மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய அம்மாவிடம் கேட்டு வாங்கிய சம்மதம் செல்லாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அது அவசர நிலை இல்லை, அந்தப் பெண்ணும் சுயமாக முடிவெடுக்கக்கூடியவர் என்பது காரணம்.

பேச்சு போனதால் புத்தி போய்விட்டது என்று ஆகாது. முதலில் ‘ஆம்’, ‘இல்லை’க்கு ஒரு சைகை ஏற்பாடு செய்யுங்கள்: கட்டைவிரல், கண் சிமிட்டல், எது வருகிறதோ அது. அது நம்பத் தகுந்ததா என்று, விடை தெரிந்த கேள்விகளால் சோதியுங்கள். ஸ்பூனைக் காட்டி “இது பேனாவா?”, பிறகு “இது ஸ்பூனா?”. இரண்டுக்கும் சரியாகச் சொன்னால் பயிற்சி பற்றிக் கேட்கலாம். அதையும் திருப்பிப் போட்டு இரண்டு விதமாகக் கேளுங்கள்: “இப்ப செய்யலாமா?”, “அப்புறம் வெச்சுக்கலாமா?” களைப்பு குறைவான காலை நேரம் நல்லது. தெளிவான பதில் எந்த வழியிலும் வரவில்லை என்றால்தான் குடும்பத்தாரின் முடிவுக்கு இடம். அப்போதும் கேள்வி “அம்மா சொல்ல முடிந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்?” என்பதுதான்.

இன்னொன்று. கையைத் தட்டிவிடுகிறாரே, எந்தக் கையைத் தொடும்போது என்று கவனியுங்கள். செயலிழந்த பக்கத் தோள் பலருக்கு மூட்டிலிருந்து சற்றே இறங்கியிருக்கும். படுக்கையிலிருந்து தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் கடுமையாக வலிக்கும். பல சமயம் அவர் மறுப்பது பயிற்சியை அல்ல, அந்த இழுப்பை. தோள்பட்டை எலும்பின் அடியில் கை கொடுத்துத் தாங்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (நோயாளி, பெண்): இடுப்பு வலிக்குப் போனேன். ஆண் தெரபிஸ்ட், எதுவும் சொல்லாமலே சேலையைத் தளர்த்தச் சொன்னார். தப்பா எடுத்துக்கறதா, சரின்னு விடறதா தெரியல.

பதில்: பரிசோதனைக்கு இடுப்பைப் பார்க்க வேண்டியிருக்கலாம். சொல்லாமல் கேட்டதுதான் பிழை. எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ஏன், எவ்வளவு நேரம் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். திரைக்கு அப்பால் நீங்களே சரிசெய்துகொள்ள நேரம் தந்து, பார்க்க வேண்டிய இடம் தவிர மற்றதைத் துண்டால் மூடியிருக்க வேண்டும். பெண் உதவியாளரோ உங்களுடன் வந்தவரோ கூட இருக்கலாம் என்று அவராகவே சொல்ல வேண்டும். நீங்களும் கேட்கலாம், பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்றும் சொல்லலாம். இடுப்புத்தளத் தசைகளுக்கு உட்பரிசோதனை (பிறப்புறுப்பு அல்லது ஆசனவாய் வழியாக விரலால் பார்ப்பது) தேவைப்பட்டால் அதற்குத் தனியாக எழுத்துச் சம்மதம், துணைக்கு ஒருவர், கையுறை (லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்ட பிறகு) எல்லாம் வேண்டும். அதை மறுத்தாலும் வெளிப்புறப் பயிற்சியைத் தொடர முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி (கிளினிக் நடத்துபவர்): எதுக்கெல்லாம் எழுத்துல வாங்கணும்? எல்லாத்துக்கும் ஃபார்ம் போட்டா நாள் பூரா பேனாதான்.

பதில்: கை கால் பயிற்சிக்கு வாய்ச் சம்மதமும் கேஸ் ஷீட்டில் ஒரு வரியும் போதும். எழுத்தில் வாங்க வேண்டியவை: கழுத்தைச் சட்டென்று திருப்பும் மேனிபுலேஷன், டிரை நீட்லிங் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசையில் குத்துவது), உட்பரிசோதனை, புகைப்படம் மற்றும் வீடியோ, மாணவர்கள் தொட்டுப் பயிற்சி செய்வது. படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, கைநாட்டும் உங்கள் ஊழியர் அல்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

டிரை நீட்லிங்கில் தோள்பட்டை மேல் தசையிலும் விலா எலும்புகள் மீதும் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறை துளைபடலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். கழுத்து மேனிபுலேஷனில் ரத்தக் குழாய் கிழிவது மிக அபூர்வம். அபூர்வமான ஆபத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றுதான் சமீரா கோலி தீர்ப்பும் சொல்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நடந்துவிட்டால் பக்கவாதம் வரலாம். அதே வலிக்கு மென்மையான அசைவும் பயிற்சியும் மாற்றாக இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கழுத்துக்குச் சொந்தக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், திடீரென நிலைதடுமாறி விழுவது என்று ஏதாவது இருந்தால் சம்மதம் இருந்தாலும் செய்யக் கூடாது.

கேள்வி (பெயர் வேண்டாம்): ஹாட் பேக் வெச்சதுல சர்க்கரை நோயாளிக்குக் கொப்புளம் வந்துடுச்சு. “தோல் சுடலாம்”னு ஃபார்ம்ல கையெழுத்து இருக்கு. அது காப்பாத்துமா?

பதில்: காப்பாற்றாது. கவனமாகச் செய்தும் நேரக்கூடிய ஆபத்தை ஏற்பதுதான் சம்மதம், கவனக்குறைவுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. கேட்கப்படும் கேள்விகள் வேறு. வெந்நீர், குளிர்ந்த நீர் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களை வைத்து, கண்ணை மூடச் சொல்லி உணர்ச்சி பார்த்தீர்களா? வெந்நீர்த் தொட்டியில் பேக் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு இருந்ததா? ஐந்தாவது நிமிடம் தூக்கித் தோலைப் பார்த்தீர்களா? “இதமான சூடு மட்டும்தான் இருக்கணும், சுட்டா உடனே கூப்பிடுங்க” என்று சொல்லி மணியைக் கையில் கொடுத்தீர்களா? சூடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் நிறைய. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஹாட் பேக்கே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கரன்ட் வெச்சாத்தான் திருப்தின்னு சில பேர். அல்ட்ராசவுண்ட் மெஷினை ஆன் பண்ணாம தடவினா ஆபத்தும் இல்ல, அவங்களுக்கும் சந்தோஷம். தப்பா?

பதில்: தப்பு. ஏமாற்றிப் பெற்ற சம்மதம், அதற்குக் காசும் வாங்குகிறீர்கள். தவறான புரிதலில் தந்தது என்று தெரிந்தே பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் (நம் நாட்டுத் தண்டனைச் சட்டம்) 28-ஆவது பிரிவு.

கேள்வி: பத்தாம் வகுப்புப் பையன், முதுகு வளைவு. அப்பா சம்மதம், பையன் மாட்டேங்கறான்.

பதில்: 18 வயது வரை பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆனால் பயிற்சி செய்யப் போவது பையன். அவனிடம் தனியாகப் பேசுங்கள். பள்ளியில் பிரேஸ் (வளைவுக்காக உடம்பைச் சுற்றி அணியும் கவசம்) தெரியும் என்ற கூச்சமாகவே பெரும்பாலும் இருக்கும். எந்தப் பயிற்சி முதலில், எந்த நேரம் என்பதையாவது அவன் தீர்மானிக்கட்டும்.

கேள்வி: வாய்ச் சம்மதத்தைக் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதறது? “சம்மதம் பெறப்பட்டது”ன்னு சீல் வெச்சிருக்கோம்.

பதில்: சீலைத் தூக்கிப் போடுங்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே வார்த்தை இருந்தால் யாரிடமும் பேசவில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். இப்படி எழுதலாம்:

“காலை 10.20. வலது தோள் அசைவுச் சிகிச்சை விளக்கப்பட்டது. இரவு வரை வலி இருக்கலாம், மாற்றாக வீட்டுப் பயிற்சி உண்டு எனச் சொல்லப்பட்டது. நோயாளி தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னார். ‘மெதுவா செய்யுங்க, நேத்து ராத்திரி தூங்கல’ என்றார். இரண்டாம் சுற்றில் ‘போதும்’ என்றார், நிறுத்தப்பட்டது. கையொப்பம்.”

தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். வெள்ளை மை வேண்டாம்.