ஜூலையில் ஏரி டிரவுட்: மழை என்றால் ரத்து செய்யலாமா?

தண்டையார்பேட்டை சார், மகனைப் பார்க்கக் கனடாவின் ஒன்டாரியோ போகும்போது வழிகாட்டியோடு ஏரி டிரவுட் (lake trout) என்ற மீன் பிடிக்க முன்பணம் கட்டிவிட்டேன், வானிலை அறிக்கையில் ஒருநாள் வெயில் ஒருநாள் மழை என்று காட்டுகிறதே, ரத்து செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். மழைக்காக வேண்டாம். இந்த மீனுக்குச் சுமார் 10 டிகிரி குளிர்நீர்தான் ஒத்துக்கொள்ளும். கோடையில் மேல்தண்ணீர் சூடானதும் 15, 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலே தூறினால் அதற்கென்ன?

பார்க்க வேண்டியது காற்றும் இடியும்தான். காசிமேட்டில் பார்க்காத அலையா என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து சின்னப் படகின் முகத்தில் அறையும். இடி கேட்டால் நேரே கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிராஃபைட் தூண்டில் கோல் மின்சாரம் கடத்தும், தூக்கிப் பிடித்து நிற்காதீர்கள். வழிகாட்டி திரும்பலாம் என்றால் பேரம் பேசக் கூடாது (நம்ம ஏரியாக்காரர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்).

அப்புறம், வெளிநாட்டவருக்கு மீன்பிடி உரிமம் தனி. வானிலையால் படகு கிளம்பாவிட்டால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மழைக்கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டரும் போடுங்கள்.