வாசகர் கேள்வி–பதில்: கால் ஊன்றாமல் பாறை ஏறும் வண்டி

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): 1970-களில் வெளிவந்த யமஹா டிஒய்175 என்ற டிரையல்ஸ் பைக்கின் படத்தைப் பார்த்தேன். 171 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெயருக்கு ஒரு சீட், ஒல்லியான உடல். இவ்வளவு சிறிய வண்டியால் பாறைகளில் எப்படி ஏற முடியும்?

பதில்: டிரையல்ஸ் போட்டியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. பாறையும் ஓடையும் சேறும் நிறைந்த குறுகிய தடங்களைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும் என்பதே விதி. கால் ஊன்றினால் அபராதப் புள்ளி, கடக்க முடியாமல் தோற்றால் 5 புள்ளி, குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். நின்றபடியே ஓட்டுவதால் சீட்டுக்கு வேலையில்லை. உடலைச் சாய்த்தே வண்டியைத் திருப்ப வேண்டியிருப்பதால், நூறு கிலோவுக்கும் குறைவான எடைதான் இந்த வண்டியின் முதல் பலம்.

எஞ்சினிடம் இங்கே கேட்கப்படுவது, மனிதன் நடக்கும் வேகத்தில்கூட அணைந்துவிடாமல் சீராக இழுக்கும் குணம். சாதாரண டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, உள்ளே இழுத்த பெட்ரோல் கலவையில் ஒரு பகுதியைக் கார்புரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். அந்த வழியை அடைக்கும் மெல்லிய இதழ்களே ரீட் வால்வு. நம் ஊரில் ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்கள் இதே அமைப்பின் பலனை அனுபவித்தவர்கள்தாம். அங்கே அது சாலையில் சீறிப் பாய்வதற்குத் துணைநின்றது, இங்கே ஈரப்பாறையில் சக்கரம் வழுக்காமல் ஊர்ந்து ஏறுவதற்கு உதவுகிறது. மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் வைக்கப்படும் டயர், கல்லின் வடிவத்துக்கேற்ப அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): யமஹா என்றால் சாலைப் பந்தயம்தானே நினைவுக்கு வருகிறது? கரடுமுரடான பாதைகளில் அதற்கு என்ன பாரம்பரியம்?

பதில்: அந்நிறுவனத்தின் முதல் வெற்றியே ஒரு மலையில் கிடைத்தது. இசைக்கருவிகள் செய்துவந்த நிப்பான் கக்கி நிறுவனத்திலிருந்து 1955 ஜூலை 1 அன்று யமஹா மோட்டார் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அந்த மாதம் 10-ஆம் தேதியே, அதன் முதல் வண்டியான ஒய்ஏ-1, ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தின் 125 சி.சி. பிரிவில் முதலிடம் பெற்றது. 1968-இல் வந்த டிடி-1 சாலையிலும் காட்டுப்பாதையிலும் ஓடி, அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1973-இல் ஸ்வீடன் வீரர் ஹகன் ஆண்டர்சன், பின்சக்கரத்துக்கு ஒற்றை ஷாக் அப்சார்பர் பொருத்திய வண்டியில், மேடுபள்ளமான மண் தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். பெல்ஜியப் பேராசிரியர் லூசியன் டில்கன்ஸின் யோசனையை ஏற்று உருவாக்கிய அமைப்பு அது.

டிரையல்ஸ் துறையில், ஸ்பெயினின் ஓசா வண்டியில் 1970 முதல் 1972 வரை ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியைத் தொடர்ந்து வென்றிருந்த ஆங்கிலேயர் மிக் ஆண்ட்ரூஸை யமஹா அழைத்துக்கொண்டது. அவர் ஓட்டிச் செதுக்கிய டிஒய் வண்டியே 1974, 1975 இரு ஆண்டுகளிலும் அதே போட்டியில் வென்றது. பிரிட்டனும் ஸ்பெயினும் ஆண்டுவந்த ஒரு விளையாட்டில், அதன் நுணுக்கம் அறிந்த வீரரிடம் பணிவோடு கற்றுக்கொண்டு நுழைந்ததையே நான் யமஹாவின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். டிஒய்175 அந்தப் பாடத்தைப் புதிதாகப் பழகுபவர்களுக்குக் கொண்டுசேர்த்த வண்டி. சிறுவர்களுக்கென்று 72 சி.சி. எஞ்சினுடன் டிஒய்80 என்ற குட்டி வண்டியும் இருந்தது.

கேள்வி (சேலம் வாசகர்): டிஒய் என்ற பெயர் இப்போதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் மின்சாரத்தில். டிஒய்-இ என்ற சோதனை வண்டியில் ஜப்பானிய வீரர் கெனிச்சி குரோயாமா 2018-இல் மின்சார டிரையல்ஸ் உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றார். மின்மோட்டாருக்குக் கிளட்ச் கட்டாயமில்லை. இருந்தும் அதில் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். பாறையின் விளிம்பில் தேவையான விசையைத் தேவையான நொடியில் விடுவிக்க, வீரரின் இடதுகை விரல்களுக்கு அது வேண்டியிருக்கிறது.